மஞ்சள் மூடி

— இன்னும் ஒரு டம்ளர் குடிச்சேன்னா இந்தக் கட்டில்லயே வெடிச்சிடுவேன் அக்கா. சிஸ்டர் ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’னு ஊத்திட்டே போறாங்க. ஐயோ சாமி, நான் என்ன மேல்நிலைத் தொட்டியா?

— மூத்திரப்பை நிறைஞ்சிருந்தாத்தான் ஸ்கேன்ல தெளிவாத் தெரியுமாம் தங்கச்சி. பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு. போன தடவை எனக்கும் இதே கதைதான். டாக்டர் வந்து ‘பயப்படாதீங்கம்மா’ன்னார். எனக்கு எங்க பயம்? தும்மல் வந்துடக் கூடாதேன்னு ஒரே கவலை.

— சிரிக்க வைக்காதீங்க, கையெடுத்துக் கும்பிடறேன்! இன்னைக்கு உங்களுக்கும் கரு வைக்கறாங்களா?

— இல்ல, எனக்கு அடுத்த வாரம். இன்னைக்கு இந்த டிரிப்ஸ் இறங்கி முடிஞ்சதும் கிளம்பிடுவேன். ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அவர் இருந்தப்ப உறைய வச்சுச் சேர்த்த கரு.

— அவர் இருந்தப்பன்னா…

— லாரி மோதிடுச்சு. அதை விடு. இங்க வந்து உருக்கி வச்சதுல ஒண்ணு நிக்கல. இது கடைசி. மஞ்ச மூடி போட்ட தொட்டில இருக்குன்னு சிஸ்டர் ஒரு நாள் கண்ணாடி வழியாக் காட்டினாங்க. வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் அந்த மஞ்ச மூடிதான் கண்ணுல நிக்குது.

— மஞ்ச மூடியா! எங்களோடதும் அதுலதான் அக்கா! அப்ப இவ்வளவு நாளா நம்ம பிள்ளைங்க பக்கத்துப் பக்கத்து வீடு!

— அடிச்சுக்கிட்டு இருந்திருக்கும்ங்கறியா?

— அந்தக் குளிர்ல எங்க அடிச்சுக்கறது? ஒண்ணை ஒண்ணு கட்டிப் பிடிச்சிட்டுத்தான் கிடந்திருக்கும்.

— நல்லா இருக்கட்டும். அந்தத் தொட்டிக்கெல்லாம் உன் வீட்டுக்காரர்தான் காவல்னு சொன்னியே?

— அவரேதான். எந்தத் தொட்டிக்கு எப்ப நைட்ரஜன் ஊத்தணும், எவ்வளவு ஊத்தணும், சூடு ஏறினா யாரை எழுப்பணும், எல்லாம் அவர் எழுதின புரோகிராம். வீட்ல பால் பொங்கினா மட்டும் அடுப்பை அணைக்கத் தெரியாது.

— அப்ப நான் நிம்மதியாத் தூங்கலாம். இந்த மருந்து இறங்க இறங்கக் கண்ணு சொக்குது. திரையை இழுத்து விட்டுக்கறேன் தங்கச்சி. உன்னை உள்ள கூட்டிட்டுப் போறப்ப ஒரு குரல் குடு. உனக்காக வேண்டிக்கறேன்.

— கண்டிப்பாக் குடுக்கறேன் அக்கா. தூங்குங்க.

— ஏம்மா…

— வந்துட்டீங்களா! பொண்டாட்டியைப் படுக்க வச்சிட்டு எந்தத் தொட்டியைக் கட்டிக்கிட்டு அழுதீங்க? சட்டை ஏன் இப்படி நனைஞ்சிருக்கு? மாடி ஏறி ஓடி வந்தீங்களா?

— தண்ணி குடிச்சியா?

— தண்ணிப் பேச்சை எடுக்காதீங்க. என்ன மூஞ்சி இது? பயமா? எனக்கே இல்ல, உங்களுக்கு என்ன?

— அதாவது… கதவு இருக்கற ரூம் ஏதாவது கிடைக்குமா?

— எதுக்குக் கதவு? திரை இருக்கே, போதாதா? மெல்லப் பேசுங்க, பக்கத்துக் கட்டில் அக்கா இப்பத்தான் கண் அசந்தாங்க. உட்காருங்க. அங்க இல்ல, அது கவுன், கசங்கிடும்.

— அதாவது… இன்னைக்கு நடக்கலைன்னா ஒண்ணும் ஆயிடாது இல்ல?

— என்ன நடக்கலைன்னா?

— இன்னைக்கு வைக்கறது.

— டாக்டர் வரலையா? இவ்வளவு தண்ணியும் வீணா?

— டாக்டர் வந்திருக்கார்.

— அப்ப என்னாச்சு? சொல்றதைச் சட்டுனு சொல்லுங்க.

— நம்மளோடது… இல்லம்மா. போயிடுச்சு.

— போயிடுச்சுன்னா? எங்க போச்சு?

— மஞ்ச மூடித் தொட்டில இருந்தது எல்லாமே போயிடுச்சு. சூடாகி. கொஞ்ச நேரத்துல டாக்டர் வந்து ‘உருக்கினோம், தாங்கலை’ன்னு சொல்வார். ஏன் தாங்கலைன்னு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் வாயால நீ கேட்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு வந்தேன்.

— விளையாடறீங்களா?

— நான் எப்ப விளையாடியிருக்கேன்?

— இல்ல. நீங்க விளையாட மாட்டீங்க. … ஐயோ சாமி. ஐயோ.

— கையைக் குடு.

— தொடாதீங்க. கொஞ்ச நேரம் என்னைத் தொடாதீங்க. … ‘இனிமே உங்ககிட்டேருந்து எடுக்கக் கருமுட்டை இல்லை’ன்னு அந்த டாக்டர் என் மூஞ்சிக்கு நேரா சொன்னார். ஞாபகம் இருக்கா? ‘இருக்கற ஒண்ணைப் பத்திரமா வச்சிருக்கோம்’னார். பத்திரமான்னார்.

— ஞாபகம் இருக்கு.

— எப்படிச் சூடாச்சு? கரண்ட் போச்சா? தொட்டி உடைஞ்சதா? எவன் பண்ணினான்?

— நான்தான்.

— என்ன உளறல் இது?

— சனிக்கிழமை ஒத்திகை விட்டேன் இல்ல, அது.

— தொட்டி ஓட்டையானா என்ன பண்றதுன்னு மாசா மாசம் ஓட்டிப் பார்ப்பீங்களே, அதுவா? அதுல நிஜமா ஒண்ணும் நடக்காதுன்னு சொல்வீங்களே?

— நடக்கக் கூடாது. இந்தத் தடவை மஞ்ச மூடிதான் ஓட்டைன்னு வச்சுக்கிட்டு அதை வடிச்சுக் காய வைக்கணும், அப்புறம் திரும்ப நிரப்பணும். இதை எல்லாம் செய்யற மாதிரி நடிக்கணும், அவ்வளவுதான். ‘வால்வைத் திற’ன்னு ஒரு இடம் வந்தா, ஒத்திகையா இருந்தா ‘திறந்தேன்’னு கம்ப்யூட்டர் திரைல எழுதிட்டுச் சும்மா இருக்கணும்.

— சும்மா இருக்கலை.

— இருக்கலை. நிஜமாவே திறந்துடுச்சு.

— ஏன்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. மூணு வருஷம் வயித்துல ஊசி குத்திக்கிட்டவ நான். எதனால என் பிள்ளை போச்சுன்னு தெரியாம இந்தக் கட்டில்லேருந்து இறங்க மாட்டேன்.

— இப்ப எதுக்கும்மா அது…

— சொல்லுங்கன்னா சொல்லுங்க!

— சரி. கத்தாதே. அதாவது… நீ நடத்தற ஹாஸ்டல் மெஸ்ல சுவத்துல ஒரு போர்டு வச்சிருக்கியே. எத்தனை பேருக்குச் சமைக்கணும், உப்பு எவ்வளவு, காரம் கம்மியா கூடவான்னு.

— ஆமா. வர்ற சமையக்காரங்க எல்லாரும் அதைப் பார்த்துத்தான் அடுப்புக்கிட்டயே போகணும்.

— அந்த மாதிரி என் புரோகிராம்ல ஒரு போர்டு. பேர் ‘ஒத்திகை’. நான் எழுதறது லிஸ்ப்னு ஒரு பழைய மொழி. அதுல இந்த மாதிரிப் பொதுப் போர்டுக்குப் பேர் வச்சா முன்னாடி ஒரு நட்சத்திரம், பின்னாடி ஒரு நட்சத்திரம் போட்டு எழுதுவோம். இது எல்லாரும் பார்க்கறது, ஜாக்கிரதையாக் கையை வைன்னு அர்த்தம்.

— ரெண்டு நட்சத்திரம் போட்டும் ஜாக்கிரதை வரலையா உங்களுக்கு?

— கேளேன். அந்தப் போர்டுல எப்பவும் ‘இல்லை’ன்னு எழுதியிருக்கும். ஒத்திகை இல்லை, எல்லாம் நிஜம். ஒத்திகை விடறப்ப அந்தப் போர்டை அழிச்சு எழுத முடியாது. அழிச்சு எழுதினா எல்லாருக்கும் மாறிடும். நிஜமா நைட்ரஜன் ஊத்தற வேலையும் ‘ஓ, ஒத்திகையா’ன்னு ஊத்தாம நின்னுடும்.

— சரி.

— அதனால போர்டைத் தொட மாட்டேன். எனக்கு மட்டும் தெரியற மாதிரி அது மேல ஒரு சீட்டு ஒட்டிக்குவேன். ‘ஆமா, ஒத்திகை’ன்னு. என் ஒத்திகை முடியற வரைக்கும் நான் கூப்பிடற வேலை, அந்த வேலை கூப்பிடற அடுத்த வேலை, எல்லாமே அந்தச் சீட்டைத்தான் படிக்கும். முடிஞ்சதும் சீட்டு தானா உதிர்ந்துடும். கீழ போர்டு பழையபடி இருக்கும். அழகான ஏற்பாடும்மா. அந்த மொழியில எனக்கு ரொம்பப் பிடிச்சதே அதுதான்.

— பிடிச்சதைப் பத்தி அப்புறம் பேசலாம்.

— ஆமா. … அது ஒரே ஆள் எல்லா வேலையும் வரிசையாச் செய்யற வரைக்கும்தான் அழகு. போன மாசம் ஒத்திகை ரொம்ப நேரம் இழுக்குதுன்னு டைரக்டர் சத்தம் போட்டார். சரின்னு தொட்டிக்கு ஒரு ஆள்னு பிரிச்சு விட்டேன். எல்லாரும் ஒரே நேரத்துல வேலை செய்யலாம். த்ரெட்னு சொல்வோம். நான் ஆரம்பிச்சு விட்டாலும் அது ஒவ்வொண்ணும் தனி ஆள்.

— சீட்டு?

— என் சீட்டு என்னோடது. புதுசாக் கிளம்பற த்ரெட்டுக்கு அது வராது. வந்தவன் நேராப் போர்டைத்தான் பார்ப்பான்.

— போர்டுல ‘நிஜம்’னு இருக்கு.

— ம்.

— அப்ப இப்படிச் சொல்லுங்க. நான் என் ஏப்ரன்ல ‘இன்னைக்கு அடுப்பு பத்த வைக்கக் கூடாது, சும்மா நடிச்சுப் பழகுங்க’ன்னு எழுதிக் குத்திக்கிட்டேன். கூட இருக்கற என் ஆளு அதைப் படிச்சான், சும்மா இருந்தான். அப்புறம் அவசரம்னு வெளியாளுங்களை வரவழைச்சேன். அவங்க என் ஏப்ரனைப் பார்க்கலை, சுவத்தைப் பார்த்தாங்க. பத்த வச்சிட்டாங்க.

— அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா? வரவங்க கையில சீட்டை ஒரு நகல் எடுத்துக் குடுத்து அனுப்பறதுக்கு என்ன கேடு?

— குடுக்கலாம். ஒரே ஒரு வரிதான். என் சீட்டுல என்ன இருக்குன்னு முதல்ல எடுத்து வச்சிக்கிட்டு, ஒவ்வொருத்தனும் உள்ள நுழைஞ்சதும் அதையே ஒட்டிக்கன்னு சொல்ற வரி. எனக்குத் தெரியாததில்ல. ஆபீஸ்ல புதுசா வர்றவங்களுக்கு நானே இதைத்தான் முதல் நாள் சொல்லித் தருவேன். எல்லாரும் இதுலதான் விழுவாங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வேன்.

— அப்புறம் ஏன் எழுதலை?

— புரோகிராமை அப்படி மாத்தின அன்னைக்குத்தான் நமக்குத் தேதி குறிச்சுச் சொன்னாங்க. நீ போன் பண்ணினே. பாதில எழுந்து வெளிய போய்ப் பேசினேன். திரும்பி வந்து உட்கார்ந்தப்ப அந்த வரியை எழுதிட்டேன்னு நெனச்சிக்கிட்டேன்.

— என் மேல போடாதீங்க.

— போடலைம்மா. சத்தியமாப் போடலை. நீ ஏன்னு கேட்டே.

— சரி, இதைச் சொல்லுங்க. உங்க போன்ல ஒரு மணி வச்சிருக்கீங்களே. போன மழைல ஏதோ ஒரு தொட்டில சூடு துளி ஏறினதுக்கே ஊரையே எழுப்பிச்சே. பக்கத்து வீட்டுக்காரர் லுங்கியோட ஓடி வந்தாரே. அது எங்க போச்சு?

— அடிக்கலை.

— ஏன் அடிக்கலை?

— அந்த மணியைப் பார்த்துக்கற வேலையை நான் பிரிச்சு விடலை. அது என்கிட்டயே இருந்தது. அதனால அது என் சீட்டைப் படிச்சுது. ‘ஒத்திகை நடக்குது, யாரையும் எழுப்பாதே, எழுதி மட்டும் வை’ன்னு.

— வால்வுக்கு நிஜம். மணிக்கு ஒத்திகை.

— ஆமா.

— கடவுளே. இப்படிக் கூட ஒருத்தர் வேலை பார்ப்பாங்களா?

— திட்டு. நல்லாத் திட்டு.

— எழுதி மட்டும் வைன்னா, எங்க எழுதிச்சு?

— என் லேப்டாப்ல.

— நீங்க பார்க்கலையா?

— அதாவது…

— கேட்கறேன் இல்ல? சனிக்கிழமை சாயங்காலம் வீட்லதானே இருந்தீங்க? பார்த்தீங்களா இல்லையா?

— பார்த்தேன். ‘மஞ்சள் மூடி சூடாகிறது, ஒத்திகை’ன்னு வரிசையா வந்துட்டே இருந்தது. பக்கத்துல டிகிரி. ஒத்திகைன்னா பொய்யா ஒரு கணக்கு ஓட்டிக் காட்டணும்னு நானே எழுதி வச்சது. அந்தக் கணக்குதான் ஓடுதுன்னு நெனச்சேன். டிகிரியை அளக்கற ஆளும் வெளியாள், அவன் நிஜத் தொட்டியை அளந்து நிஜத்தைச் சொல்லிட்டிருக்கான்னு தோணலை. எவ்வளவு தத்ரூபமா ஏறுதுன்னு பெருமையா இருந்தது. அப்ப… உன்னைக் கூப்பிட்டேன்.

— ஆமா.

— நீ வெங்காயம் நறுக்கிட்டிருந்தே.

— ஆமா. கூப்பிட்டே. ‘இங்க வாயேன், எவ்வளவு அழகா ஏறுது பாரு’ன்னே. நான் வெங்காயக் கையோட வந்து உன் தோள் மேல சாஞ்சு நின்னு பார்த்தேன். ‘சூப்பர்’னேன். என் பிள்ளை செத்துக்கிட்டிருந்தது. நான் பார்த்துச் சூப்பர்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.

— வேணாம்மா. அப்படி நினைக்காதே.

— வேற எப்படி நினைக்கறது? நீயே சொல்லு. வேற எப்படி நினைக்கறது?

— அழு. சத்தமா அழு, பரவாயில்ல.

— சத்தமா அழக்கூட முடியலை. வயிறு முட்டத் தண்ணி. சிரிச்சாலும் வலிக்குது, அழுதாலும் வலிக்குது. … எப்பத் தெரியும் உனக்கு?

— இன்னைக்குக் காலைல. நைட்ரஜன் லாரிக்காரர் வந்து பெரிய சிலிண்டரைத் தட்டிப் பார்த்துட்டு, ‘என்ன சார், வாரக் கடைசில எல்லாரும் நைட்ரஜன்ல குளிச்சீங்களா, காலியாக் கிடக்கு’ன்னார். நானும் சிரிச்சேன். அப்புறம்தான் உறைச்சுது. ஒத்திகைல ஒரு சொட்டுக் கூடக் குறையக் கூடாதே. ஓடிப் போய் எழுதினதைத் திறந்தேன். அந்த வரி இல்லை.

— லேப்ல யாருக்கும் தெரியாதா?

— தெரிய வாய்ப்பே இல்ல. ஞாயித்துக்கிழமை யாரும் வர்றதுக்கு முன்னாடி அதுவே திரும்ப நிரப்பிடுச்சு. ஒத்திகையோட கடைசி வேலை அது. ஒழுங்காச் செஞ்சிருக்கு. இப்பப் போய்ப் பார்த்தா மஞ்ச மூடி எப்பவும் போலப் பனி பிடிச்சு நிக்குது. உள்ள இருக்கறது எல்லாம் ஒரு தடவை உருகித் திரும்ப உறைஞ்சது. வெளியேருந்து பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது.

— உயிர் இருக்கற மாதிரியே இருக்கும்.

— ஆமா.

— பிள்ளைக்குன்னு சின்ன ரூம்லேருந்து இஸ்திரி மேசையை வெளிய தள்ளினேன். நீங்க ஜன்னலுக்கு வலை அடிச்சீங்க. கட்டைவிரல்ல சுத்தியலைப் போட்டுக்கிட்டுக் குதிச்சீங்க. … மேசையைத் திரும்ப உள்ள தள்ளணும். நான் தள்ள மாட்டேன். நீங்களே தள்ளிக்கங்க.

— நான் தள்ளிக்கறேன்.

— என்னை மன்னிச்சுடுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

— சொல்லலை. அதுக்கு வாய் ஏது எனக்கு?

— ஏங்க. மத்தவங்களோடது?

— மத்த தொட்டிக்கெல்லாம் ஒண்ணும் ஆகலை. அதுக்கெல்லாம் ஒத்திகைல ‘கொஞ்சம் அதிகமா நிரப்பு’ன்னுதான் வேலை. மஞ்ச மூடி மட்டும்தான்.

— மஞ்ச மூடில நாம மட்டுமா இருக்கோம்?

— இல்ல. நிறையப் பேர்.

— ஐயோ. அந்த அக்கா.

— எந்த அக்கா?

— மேடம், ரெடியா? அட, சாரும் இங்கதான் இருக்கீங்களா? என்ன மேடம் கண்ணெல்லாம் செவந்திருக்கு? பயப்படக் கூடாது. டாக்டர் கை கழுவி ரெடியா இருக்கார், சரியா? இந்தக் கவுனை மாட்டிக்கங்க, முடிச்சு பின்பக்கம் வரணும்.

— சிஸ்டர், கொஞ்சம் இருங்க. உருக்கினதைப் பத்தி டாக்டர் ஏதாவது…

— அதைச் சொல்லத்தான் சார் ஓடி வந்தேன். சூப்பரா இருக்காம்! டாக்டர் அவ்வளவு சீக்கிரம் யாரையும் பாராட்ட மாட்டார். ‘வந்து பாருங்க சிஸ்டர்’னு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

— இருக்காது சிஸ்டர்.

— ஏன் சார் நல்ல நேரத்துல இப்படி வாயை வைக்கறீங்க? நானே திரைல பார்த்துட்டு வர்றேன். முத்து மாதிரி இருக்கு.

— அது மஞ்ச மூடித் தொட்டிலேருந்து எடுத்தது. அதுல இருந்தது…

— மஞ்ச மூடியா? உங்களோடதை வெள்ளிக்கிழமை சாயங்காலமே அதுலேருந்து எடுத்தாச்சே சார். திங்கக்கிழமை கேஸ்னா லேப் மேடம் முன்னாடியே எடுத்துச் சின்னக் கேன்ல போட்டுடுவாங்க. காலைல வந்து பெரிய தொட்டியைத் திறந்து தேடறது அவங்களுக்குப் பிடிக்காது. இன்னைக்கு உங்க ஒரு கேஸ்தான். அந்தக் கேன் உங்க கம்ப்யூட்டர்ல கிடையாதே, நாங்க கையால ஊத்தறது. உங்களுக்குத் தெரியாதா?

— தெரியாது.

— தெரிஞ்சுக்கங்க, சரியா? மேடம், பத்து நிமிஷத்துல வந்து கூட்டிட்டுப் போறேன். ஒரே ஒரு அரை டம்ளர் மட்டும் குடிச்சிடுங்க. முறைக்காதீங்க, அரை டம்ளர்தான்.

— … ஏங்க.

— ம்.

— அவங்க சொன்னது காதுல விழுந்துதா?

— விழுந்தது.

— இருக்குங்க. நம்ம பிள்ளை இருக்கு.

— இருக்கும்மா.

— என்னைக் கிள்ளுங்க. ஐயோ, வயித்துல இல்ல! ஐயோ சாமி. சிரிக்கறேனா அழறேனான்னு எனக்கே தெரியலை. வெள்ளிக்கிழமையே எடுத்துட்டாங்களாம். ஒரு பொம்பளைக்குக் காலைல தேடறதுக்குச் சோம்பல். அந்த மகராசி நல்லா இருக்கணும்.

— நான் போகணும்மா.

— எங்க?

— டைரக்டர் ரூமுக்கு. இப்பவே சொல்லிடணும். மஞ்ச மூடில இருக்கறவங்களுக்கெல்லாம் தகவல் போகணும்.

— உட்காருங்க.

— இல்லம்மா…

— உட்காருங்கன்றேன். இப்பப் போய்ச் சொன்னா என்ன பண்ணுவார்?

— லேபை மூடச் சொல்வார். இன்னைக்கு யாருக்கும் எதுவும் வைக்க விட மாட்டார்.

— எனக்கும்?

— உனக்கும்தான். உருக்கினதைத் திரும்ப உறைய வச்சாத் தாங்குமான்னு தெரியாது.

— அப்ப எனக்கு முடியற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது நீங்க.

— சரி. முடிஞ்சதும் போய்ச் சொல்றேன்.

— … முடிஞ்சப்புறமும் எதுக்குங்க?

— என்ன சொல்றே நீ?

— யோசிச்சுப் பாருங்க. சொன்னா மட்டும் உள்ள இருக்கறது எழுந்து வந்துடுமா? உங்களைத் தூக்கி உள்ள வைப்பாங்க. நான் வயித்துல ஒண்ணை வச்சிக்கிட்டுக் கோர்ட்டு வாசல்ல நிக்கணும். நீங்களே சொன்னீங்க, வெளியேருந்து பார்த்தாத் தெரியாதுன்னு. உருக்கறப்ப தாங்கலைன்னு டாக்டர் சொல்வார். அது எல்லா ஊர்லயும் நடக்கறதுதானே?

— ஒரே தொட்டில எல்லாருக்குமேவா?

— ஒரே நாள்லயா எல்லாரும் வரப் போறாங்க? ஒருத்தர் இந்த மாசம் வருவாங்க, ஒருத்தர் அடுத்த வருஷம் வருவாங்க. யார் கணக்குப் பார்க்கப் போறா?

— நீயா பேசறே? மெஸ்ல ஒரு பிள்ளைக்கு வயித்து வலின்னா பாத்திரத்தோட எல்லாத்தையும் கொட்டிட்டு மறுபடி சமைக்கறவ நீ.

— நான்தான். எனக்கே என் குரல் பிடிக்கலை. ஆனா பத்து நிமிஷம் முன்னாடி என் பிள்ளை செத்துப் போச்சு, இப்ப உயிரோட வந்திருக்கு. இப்ப எனக்கு வேற ஒண்ணும் தெரியலை. … அந்த அக்கா இருக்காங்க இல்ல, பக்கத்துக் கட்டில்ல.

— மெல்லப் பேசு.

— மெல்லத்தான் பேசறேன். அவங்களோடது மஞ்ச மூடிலதான் இருக்கு. அடுத்த வாரம் வைக்கறாங்களாம்.

— அவங்க வயசு என்ன? திரும்ப எடுக்க முடியுமா?

— அவங்க புருஷன் செத்துப் போயிட்டார்ங்க. அவர் இருந்தப்ப வச்சது. அது ஒண்ணுதான் மிச்சம்.

— ஐயோ.

— அழாதீங்க. கேளுங்க. அடுத்த வாரம் உருக்குவாங்க. ‘தாங்கலைம்மா, உங்க அதிர்ஷ்டம் அவ்வளவுதான்’னு சொல்வாங்க. முன்னாடி ஒண்ணு நிக்கலை, இதுவும் போச்சுன்னு அழுவாங்க. அழுது ஓய்ஞ்சிடுவாங்க. ஒரு மனுஷன் லேப்டாப்பைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இதைப் பண்ணினான்னு தெரிஞ்சு அழறதுக்கு, விதின்னு அழறது மேல் இல்லையா? நான் அவங்களுக்காகவும்தான் சொல்றேன்.

— அவங்களுக்காகவா சொல்றே?

— … இல்ல. எனக்காகத்தான். போதுமா? எனக்காகத்தான் சொல்றேன். ஒரு தடவை எனக்காக ஒண்ணு பண்ணுங்க. இந்தத் திரைக்கு வெளிய இது போக வேணாம். நீங்க, நான், அவ்வளவுதான். சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க.

— என்னால முடியாதும்மா. அந்த லேப்ல தினமும் நடக்கறப்ப அந்த மூடியைப் பார்க்கணும்.

— பார்க்காதீங்க. வேற வேலை தேடிக்கங்க. சிஸ்டர் செருப்புச் சத்தம் கேட்குது, வந்துட்டாங்க. சீக்கிரம் சொல்லுங்க. என் மேல ஆணை.

— … சரி.

— சரின்னா?

— சொல்லலை. யார்கிட்டயும் சொல்லலை.

— கண்ணைத் துடைச்சுக்கங்க. இந்தக் கவுனைக் கொஞ்சம் பிடிங்க, பின்னால முடிச்சுப் போடுங்க. இறுக்கமா வேணாம். ஆங், போதும். சத்தம் இல்லாமப் போயிடலாம், அவங்க தூங்கட்டும், எழுப்ப வேணாம்.

— போறப்ப ஒரு குரல் குடுன்னு சொல்லியிருந்தேனே தங்கச்சி. நான் தூங்கவே இல்லையே.